ஆர்கேடில் இருந்தது போலவே

விளையாடுவதற்குச் சம்பளமா என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். கேட்காத வீடு கிடையாது. என் மாமியார் கடைசிவரை நம்பவே இல்லை. நான் ஏதோ ஆபீஸில் டைப் அடிக்கிறேன் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் விட்டுவிட்டேன். காசு போட்டு நின்றுகொண்டு ஆடுகிற பழைய ஆர்கேட் பெட்டி ஒரு பக்கம், வீட்டு டிவியில் ஆடுகிற புதுப் பிரதி இன்னொரு பக்கம், இரண்டிலும் ஒரே ரவுடியை நாள் முழுக்க அடித்து அவன் ஒரே மாதிரி விழுகிறானா என்று பார்ப்பது ஒரு உத்தியோகம் என்று அவரிடம் எப்படி விளக்குவது?

புதிதாக வந்திருப்பவர்களிடம் பேசுங்கள் அக்கா என்று, இப்போது இந்த அறையைப் பார்த்துக்கொள்கிற தேவகி கூப்பிட்டாள். வந்துவிட்டேன். எப்படி ஆடுவது, ரிப்போர்ட் எப்படி எழுதுவது என்பதையெல்லாம் அவளே சொல்லித் தருவாள், என்னைவிட நன்றாகவே. நான் சொல்ல வந்தது வேறு. நேரம் நெருக்குகிறபோது எதைச் சொல்வது எதை விடுவது என்பதைப் பற்றி. நான் பெரிய தைரியசாலி இல்லை. போன் அடித்தாலே பதறுகிற ஜென்மம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்து போகாதீர்கள்.

முதலில் முருகன் கதை. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். எங்கள் அறையில் அதற்குப் பெயர் ‘தடியன்’. இடமிருந்து வலமாகத் தெருத்தெருவாக நடக்க வேண்டும், எதிரில் வருகிறவனையெல்லாம் அடிக்க வேண்டும், கடைசியில் ஒரு தடியனைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் கதை. ஒரு காலத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த வீடியோ கேம் கடையில் இந்தப் பெட்டி இருந்தது. கடை மூடியபோது பெட்டியை நம் கம்பெனி வாங்கி இந்த மாடிக்கு ஏற்றியது. எங்களோடு வேலை பார்த்த முருகன் அந்தக் கடையிலேயே வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்குப் போன நேரத்தைவிட அங்கே நின்ற நேரம் அதிகம் என்று அவனே சொல்வான்.

வீட்டுப் பிரதி வந்த உடனே முருகன் ரிப்போர்ட் போட்டான்: ‘தடியன் சோப்ளாங்கியாக இருக்கிறான். ஆர்கேடில் இதைவிட இரண்டு மடங்கு அடி தாங்குவான். வெளியீட்டை நிறுத்த வேண்டிய பிழை.’ பெட்டியில் ஆடிப் பார்த்தோம், அவன் சொன்னது உண்மை. அறைப் பொறுப்பில் இருந்த நானும் அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் வெளிநாட்டில் விளையாட்டைச் செய்கிற ஆட்கள் ராப்பகலாகத் தேடியிருக்கிறார்கள். பிழை கிடைக்கவில்லை. கடைசியில் சென்னையிலிருந்து மேனேஜர் ஆள் அனுப்பி, பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்க்க வைத்தார். உள்ளே சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் இல்லையா, விளையாட்டு சுலபமா கஷ்டமா என்று கடைக்காரர் வைத்துக்கொள்வதற்கு? எங்கள் கடைக்காரர் அதை ஆகக் கஷ்டத்தில் வைத்திருந்தார். பிள்ளைகள் சீக்கிரம் தோற்றால்தானே மறுபடி காசு போடுவார்கள்.

முருகனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, அப்ப நாங்க சின்ன வயசுல ஆடுனது அசலே இல்லியா?” என்று கேட்டான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் ஒரு தலைமுறையே ஆகக் கஷ்டமான தடியனை அடித்து வளர்ந்துவிட்டு, அதுதான் தடியன் என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஆர்கேட் என்று சொல்கிறோமே, எந்தக் கடையின் ஆர்கேட் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த விவகாரத்துக்குப் பிறகு மேனேஜர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. “இன்னொரு தடவை ஆதாரம் இல்லாம நிறுத்துங்கன்னு எழுதினா, செஞ்சி ரூமை மூடிட்டு எல்லாரையும் சென்னைக்கு வரச் சொல்லிடுவாங்க. என்னால தடுக்க முடியாது.” அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆள் இருந்தார்கள். ஆனால் அன்றிலிருந்து ‘நிறுத்தவும்’ என்ற வார்த்தையை டைப் அடிக்கவே எனக்குக் கை வராது.

இனி தேவகி விஷயம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பேரை மாற்றிச் சொல்லட்டுமா என்றேன். “எதுக்கு அக்கா, எம்பேரு நல்லாத்தான இருக்குது” என்றாள்.

தடியன் சாகிற இடம் ஒன்று உண்டு. அவன் விழும்போது திரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி மின்னும். வீட்டுப் பிரதியில் முதலில் அது மங்கலாக இருந்தது. நாங்கள் விடுவோமா? ‘ஆர்கேடில் இருப்பது போல இல்லை’ என்று எழுதினோம். அவர்களும் அச்சு அசலாக மாற்றி அனுப்பினார்கள். அதே வேகம், அதே சிவப்பு. கண் கூசுகிறதா, உடம்புக்கு ஆபத்தா என்று பார்க்கிற சோதனையை வேறொரு கம்பெனி செய்யும். அது பழைய மங்கல் பிரதியை வைத்தே முடிந்து, சரி என்று வந்துவிட்டது. மாற்றிய பிறகு மறுபடி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வெளியீடு நெருங்கிவிட்டது. மீதி இருந்தது நாங்கள் ஒத்துப் பார்த்து ‘டேலி’ என்று எழுதுவதுதான்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தேவகி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்கேட் பெட்டியில் இருந்தது பழைய குண்டுத் திரை, ஆண்டுக்கணக்கில் எரிந்து மங்கிப்போனது, முன்னால் அழுக்குக் கண்ணாடி வேறு. வீட்டுப் பிரதிக்குக் கம்பெனி கொடுத்ததோ சுவரில் பாதி அளவு புது டிவி. அவள் அதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். “அக்கா, டேலி ஆவுது” என்று சொல்லி ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினாள். இன்னொரு முறை ஓட்டினாள். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் தரையில் கிடக்கிறாள். கை வெட்டி வெட்டி இழுக்கிறது. கண் மேலே செருகியிருக்கிறது.

முருகன்தான் முதலில் கத்தினான். “அக்கா, வலிப்புக்கா! இரும்பு, இரும்பு!” ஓடிப்போய்த் தன் பைக் சாவிக் கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணித்தான். அவன் மேல் தப்பில்லை, நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இரும்பால் எதுவும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலையில் இடிக்கிற பொருளை நகர்த்த வேண்டும். கையைக் காலை அமுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. இழுப்பு நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. நான் டிவியை அணைத்துவிட்டு அதைத்தான் செய்தேன்.

இழுப்பு சீக்கிரமே அடங்கியது. அப்போது படியில் செருப்புச் சத்தம். கீழே துணிக்கடை வைத்திருக்கிற அம்மா சத்தம் கேட்டு மேலே வருகிறார். நல்ல மனசு, ஆனால் வாய் மட்டும் நிற்காது. அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்தது இங்கே பக்கத்தில் அனந்தபுரத்தில். தேவகிக்கு நிச்சயம் ஆகியிருந்த மாப்பிள்ளையும் அனந்தபுரம். ஆவணியில் கல்யாணம்.

கையில் சாவிக் கொத்தோடு ஒரு பெண் தரையில் கிடந்தால், நம் ஊரில் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். பார்த்த உடனே தெரிந்துவிடும். நான் அந்தச் சாவியை அவள் விரல்களிலிருந்து பிடுங்கி என் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

“இன்னாம்மா ஆச்சு பொண்ணுக்கு?” என்று கேட்டபடியே துணிக்கடையம்மா எட்டிப் பார்த்தார்.

“காலைல இருந்து ஒண்ணும் சாப்டல. மயக்கம்.”

“இந்தக் காலத்துப் பொண்ணுங்க எங்க சாப்டுதுங்க. கல்யாணம் வர்ற நேரத்துல மெலியணும்னு பட்டினி கெடக்கிறதா?” அவரே போய்ச் சோடா வாங்கிவந்து கொடுத்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று இறங்கிப்போனார்.

தேவகிக்கு நினைவு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, தனக்கு என்ன ஆயிற்று என்பது இல்லை.

“கையில சாவி குடுத்தாங்களா அக்கா? யாராச்சும் பாத்தாங்களா?”

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். போகிற வழியில் சொன்னாள். சின்ன வயதில் அவளுக்கு இது இருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் முடிகிறவரை மாத்திரை. பிறகு வரவே இல்லை என்று டாக்டரே நிறுத்திவிட்டார். அம்மாவுக்கும் நைனாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. “சொன்னா யாரு கட்டுவாங்கன்னு அம்மா வாயப் பொத்திடுச்சு. சேகர் நல்லவருதான் அக்கா. தெனம் போன் பேசுவாரு. சொல்லிடலாம் சொல்லிடலாம்னுதான் இருந்தன்.” டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்: மின்னுகிற வெளிச்சத்தால் தூண்டப்பட்ட வலிப்பு. மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று.

அவளை வீட்டில் விட்டுவிட்டு அறைக்கு வந்தேன். டிவி அணைந்தபடி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆர்கேடில் இருந்தது போலவே இருக்கிறது, சரி. ஆனால் ஆர்கேடை நாம் நின்றுகொண்டு ஆடினோம், மங்கல் திரையில், பத்துப் பேர் தோளுக்கு நடுவில். இதை ஒரு குழந்தை விளக்கை அணைத்துவிட்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து ஆடும். தேவகியைப் போல எத்தனை குழந்தைகளோ? அதன் அம்மா சமையல்கட்டில் இருப்பாள். எண்களெல்லாம் ஒத்துப்போய், ஆபத்து மட்டும் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது.

கை வராத அந்த வார்த்தையை அன்று டைப் அடித்தேன். ‘நிறுத்தவும்.’ காரணம்: மின்னல் ஆபத்தான அளவில் உள்ளது. பெயர் எதுவும் போடவில்லை.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் கால். தேவகியை வராதே என்று சொல்லியிருந்தேன், வந்து உட்கார்ந்திருந்தாள். முருகனும் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டோம்.

“ஆர்கேட் மாதிரியே வேணும்னு கேட்டது நீங்க. அப்படியே குடுத்தாச்சு. டேலின்னு உங்க ரூம்லயே எழுதியிருக்கு. இப்ப நிறுத்துன்னா எப்படிம்மா? முதல் பக்கத்துல எச்சரிக்கை போட்டிருக்கே.”

“எச்சரிக்கையை எந்தக் குழந்தை சார் படிக்கும்?”

“நான் உங்க பக்கம்தான். ஆனா மேல என்ன கேப்பாங்க தெரியுமா? யாருக்காவது ஏதாவது ஆச்சா?”

பக்கத்தில் தேவகி. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, யாருக்கு. இல்லை என்றால் இந்தப் பிரதி நாளைக்கே உலகம் முழுக்கப் போய்விடும். “ஒரு நிமிஷம் சார்” என்று ம்யூட் போட்டேன்.

முருகன் என் பக்கம் குனிந்தான். “எனக்கு வந்துச்சுன்னு சொல்லிடுங்கக்கா. எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. இனிமே யாரு இன்னா பண்ணிடப் போறாங்க?”

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அவனை டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டர் ஒன்றும் இல்லை என்பார். முருகன் ஏற்கெனவே ஒரு தவறான ரிப்போர்ட் போட்டவன். பொய் வெளிப்பட்டால் மின்னலும் பொய் என்றாகிவிடும், அறையையும் மூடிவிடுவார்கள், அந்தப் பிரதியும் போய்விடும். வேண்டாம் என்று தலையாட்டினேன். நல்ல எண்ணத்தில் சொல்கிற பொய்க்கும் ஆதாரம் கேட்பார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ம்யூட்டை எடுத்தேன். “ஆச்சு சார். நான் கண்ணால பாத்தேன். பேரைச் சொல்ல மாட்டேன். என் பேரைச் சாட்சியாப் போட்டுக்கங்க.”

“பேரும் டாக்டர் சீட்டும் இல்லாம ஏத்துக்க மாட்டாங்கம்மா. மதியம் வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

நான் தேவகி முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது போல ஆகிவிடும். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கேட்டிருந்தால் அவள் உடனே சரி என்றிருப்பாள், எனக்குத் தெரியும். என்னிடம் அவளுக்கு மரியாதை. அந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் பறித்துக்கொள்ள முடியுமா? ஆனால் மதியம் நெருங்க நெருங்க, ‘நீயே சொல்லிவிடேன் தாயி’ என்று என் மனசு கூவிக்கொண்டுதான் இருந்தது. நான் ஒன்றும் தர்மதேவதை இல்லை.

தேவகி எழுந்து போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. சேகரைக் கூப்பிட்டாள். அவர் வேர்க்கடலை ஏலத்துக்கு மார்க்கெட் கமிட்டிக்கு வந்திருந்தார். அந்தச் சந்தடியில் அவருக்குக் கேட்கவில்லை. இவள் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

“சின்ன வயசுல எனக்கு வலிப்பு இருந்துச்சுங்க... வலிப்பு! ... ஆமா. நேத்தும் வந்துச்சு... உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். ஆபீஸ்ல எம்பேரு எழுதப் போறாங்க. அதுக்கு முன்னாடி நீங்க எங்கிட்ட இருந்து தெரிஞ்சிக்கணும்னுதான்...”

கீழே துணிக்கடையில் பேச்சுச் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

உள்ளே வந்தாள். “இன்னா சொன்னாரு?” என்று முருகன் கேட்டான்.

“லோடு ஏறுதாம். வூட்ல பேசிட்டுக் கூப்புட்றாராம்.” நாற்காலியை இழுத்து ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கால் போடுங்க அக்கா.”

“அவர் பதில் வரட்டும்மா. மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கு.”

“அவரு பதிலப் பாத்துட்டு நான் சொன்னா, அது இன்னாத்துக்கு அக்கா? போடுங்க.”

போட்டேன். அவள் பேரைச் சொன்னாள், ஊர் வல்லம் என்றாள், நடந்ததைச் சொன்னாள், சீட்டைப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல்தான், ஆனால் ஒரு இடத்திலும் திக்கவில்லை. நடுவில் போன் அடித்தது. திரையில் சேகர் பேர். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதியைச் சொல்லி முடித்தாள்.

மேனேஜர் முதலில் கேட்டது, “தேவகி, இப்ப நல்லா இருக்கீங்களா?” அதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அரை மணி நேரத்தில் வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். மின்னலை மறுபடி மங்கலாக்கி, சோதனையெல்லாம் திரும்பச் செய்துதான் அனுப்பினார்கள். அறையை யாரும் மூடவில்லை.

கல்யாணம் நின்றுவிட்டது. சேகர் அன்று போனில் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுவாரம் அவர் மாமா வந்து, ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டினோம், பொருத்தம் சரியில்லை என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வலிப்பு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. தேவகியின் அம்மா பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்க பொம்ம பொட்டிக்கு எம்பொண்ணு வாழ்க்கதான் கெடச்சுதா?” என்று ஊர் பார்க்கக் கத்தினார். நான் நின்று கேட்டுக்கொண்டேன்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டும் ஒன்றா என்று பார்க்கத்தான் சம்பளம், பாருங்கள். ஆனால் எதற்கு முன்னால், எந்த அறையில், யார் உட்கார்ந்து ஆடப்போகிறார்கள் என்பதையும் கூடவே பாருங்கள். அதைக் கேட்கிற கட்டம் ரிப்போர்ட்டில் கிடையாது, நீங்களாகத்தான் கேட்க வேண்டும். உடம்புக்கு ஏதாவது இருந்தால் தேவகியிடம் தனியாகச் சொல்லுங்கள், வெளியே போகாது. கூட இருப்பவர் விஷயம் உங்களுக்குத் தெரியவந்தால், அவர் வாய் திறக்கிறவரை நீங்கள் திறக்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும். அவளுக்குக் கல்யாணம் எப்போது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நடக்கும்போது பத்திரிகை வைப்பாள்.

போன வாரம் பஜாருக்குக் காய் வாங்க வந்தேன். டீக்கடையில் தேவகி நின்றிருந்தாள். “அக்கா, இதப் பாருங்களேன்” என்று போனை நீட்டினாள். யாரோ ஒரு தம்பி தடியனைப் பற்றித் தமிழில் வீடியோ போட்டிருக்கிறான். பழைய ஆர்கேடையும் நம் வீட்டுப் பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுகிறான். கெட்டிக்காரன்தான், ஒவ்வொரு அடியாகப் பார்த்திருக்கிறான். கடைசிக் கட்டம் வந்ததும் தேவகி போனை முழுசாக என் பக்கம் திருப்பிவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“இங்க பாருங்க மக்களே” என்றான் அவன். “ஆர்கேட்ல பாஸ் சாவும்போது ஸ்கிரீனே தெறிக்கும். வீட்டு வெர்ஷன்ல சப்புனு இருக்கு. எல்லாத்தையும் கரெக்டா பண்ணிட்டு இந்த ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டாங்க.”

தேவகி சிரித்த சிரிப்பில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். “கோட்ட விட்டுட்டாங்களாம் அக்கா! செஞ்சிக்காரங்களப் பாத்துச் சொல்றாரு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. “போனைக் குடு. அவனுக்கு நான் பதில் எழுதுறேன். என்ன தெரியும் அவனுக்கு?”

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“வேணாங்க்கா. அவரு சரியாத்தான் பாத்திருக்காரு. ரெண்டும் ஒண்ணு இல்ல.”